ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை

வருடத்துக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று நேரில் காட்டிவிட்டு வருகிறேன். கருவூலத்துக்கு அடுத்த கட்டிடம்தான் நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த தாலுகா அலுவலகம். அதை எட்டிப் பார்க்காமல் பஸ் ஏற மனசு வராது. இந்த முறை போனபோது என் பழைய இடத்தில் கயல்விழி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். இளநிலை உதவியாளர், கெட்டிக்காரி. ஏதோ ஒரு ஊராட்சிக் குழுவுக்கு உறுப்பினர் நியமிக்கிறார்களாம். பெயர்களையெல்லாம் பதினைந்து நாள் இணையதளத்தில் போட்டிருந்தோம் என்று கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

“உலகத்துல எந்த மூலைலேர்ந்தும் பாக்கலாம் சார். உங்க காலத்துல ஜனங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்று கேட்டாள்.

நான் பக்கத்தின் அடியில் பார்த்தேன். ‘ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை’ என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் வேலையைக் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் சிரித்தது அந்த வாக்கியத்தைப் பார்த்து. நாற்பது வருடம் கழித்து ஒரு பழைய கூட்டாளியை வழியில் பார்த்த மாதிரி இருந்தது. “உங்க தெருவுல எத்தனை பேரும்மா இதைப் பாத்தாங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். மற்றதை இங்கே எழுதுகிறேன். நம் ஓய்வூதியர் சங்க மலரில் பக்கம் காலியாக இருக்கிறது என்று செயலாளர் வேறு நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் சேர்ந்தது கிராம முன்சீப், கர்ணம் எல்லாம் ஒழிக்கப்படாத காலம். அப்பா பாபநாசம் பக்கத்தில் ஒரு பண்ணையில் ஏர் ஓட்டினவர். எங்கள் தெருவில் முதல் சர்க்கார் உத்தியோகம் நான்தான். முதல் ஆறு மாதம் தபால் பிரித்தேன், பதிவேட்டுக்குக் கோடு போட்டேன், தலைமை எழுத்தருக்கு வெற்றிலை வாங்கி வந்தேன். பிறகு என்னிடம் நோட்டீஸ் இருக்கையைக் கொடுத்தார்கள். கையெழுத்து முத்து மாதிரி இருந்ததுதான் காரணம். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

நோட்டீஸ் இருக்கையின் வேலை எளிது. சர்க்கார் ஒரு காரியம் செய்யப் போகிறது என்றால் முதலில் கிராமத்துக்குச் சொல்ல வேண்டும். நோட்டீஸ் மூன்று பிரதி. ஒன்று அலுவலகப் பலகையில், ஒன்று கிராமச் சாவடியில், ஒன்று கோப்பில். நான் பஸ் பிடித்துப் போய்க் கிராம முன்சீப்பிடம் கொடுப்பேன். அவர் வெட்டியானைக் கூப்பிட்டுத் தண்டோரா போடச் சொல்வார். போட்டாயிற்று என்று முன்சீப்பும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போடுவார்கள். அதன் கீழே நான் எழுதிக் கொடுக்கும் சான்றுக்கு எங்கள் பாஷையில் சார்வு என்று பெயர். கெடு முடிந்ததும் ஆட்சேபணை வந்ததா இல்லையா என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். வந்ததாக எழுதின ஞாபகமே எனக்கு இல்லை.

ஒரே வாக்கியத்தை எத்தனை முறைதான் எழுதுவது? கும்பகோணத்தில் சொந்தச் செலவில் ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டேன். ‘கிராமம் முழுவதும் தண்டோரா மூலம் உரிய முறையில் விளம்பரம் செய்யப்பட்டது. ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை.’ தலைமை எழுத்தர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பையன் முன்னுக்கு வந்துவிடுவான் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ரகீம் சார் எங்களுக்குத் தாசில்தாராக வந்தார். நாகப்பட்டினத்துக்காரர். ஒல்லியான, எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கிற மனிதர். வியர்த்தாலும் மின்விசிறி போட விடமாட்டார். காகிதம் பறக்குமாம். அவரோடு சேர்ந்து அலுவலகமே வியர்த்தது. லீவு கேட்டுப் போனால் மறுக்கமாட்டார். “போய்த்தான் ஆகணுமா?” என்று கேட்டுவிட்டு நம்மையே பார்ப்பார். அந்த முகத்தைப் பார்த்தால் நாமே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். மேலிடத்துத் தொலைபேசி என்றால் அவருக்குப் பயம். மணி அடித்ததும் எழுந்து நின்று, சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்ட பிறகே எடுப்பார். பேசி முடிக்கும் வரை நின்றுகொண்டே இருப்பார். எல்லோரையும், பியூன் கோவிந்தசாமியைக்கூட, வாங்க போங்க என்றுதான் பேசுவார். முதல் ஒரு மாதம் கோவிந்தசாமி, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்.

அவரிடம் விசித்திரமான ஒரு பழக்கம் இருந்தது. எந்த நோட்டீஸானாலும் கையெழுத்துப் போடும் முன் கோவிந்தசாமியை எதிரே நிறுத்தி உரக்கப் படிப்பார். படித்துவிட்டு, “நீங்க என்ன விளங்கிக்கிட்டீங்க, சொல்லுங்க” என்பார். கோவிந்தசாமி மூன்றாம் வகுப்பு. அவர் சரியாகச் சொன்னால் கையெழுத்து விழும். சொல்லாவிட்டால் நான் மறுபடி எழுத வேண்டும். ஒருமுறை ரேஷன் அட்டை சம்பந்தமாக நான் மிகுந்த பிரயாசையோடு, ‘மேற்படி நபர்கள் தத்தம் ஆதாரங்களுடன் தவறாது ஆஜராக வேண்டியது’ என்று எழுதியிருந்தேன். கோவிந்தசாமி யோசித்து, “யாரையோ போலீஸ் தேடுதுங்க” என்றார். ரகீம் சார் தாளை என்னிடம் நீட்டினார். நாலு முறை எழுதினேன். அந்த வாரம் முழுவதும் கோவிந்தசாமியோடு நான் பேசவில்லை.

ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாதபோது நோட்டீஸ் என்பது காதுக்குத்தான் என்பது ரகீம் சாருடைய கட்சி. நோட்டீஸ் புரிகிறதா என்று அவ்வளவு பார்த்த மனிதர், அது எந்தக் காதுவரை போகிறது என்று கேட்டதில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

கூலித் தகராறும் குத்தகைத் தகராறும் ஊருக்கு ஊர் இருந்த வருடங்கள் அவை. அறுப்புக்கு வெளியூர் ஆள் கொண்டுவருவார்கள், சங்கத்துக்காரர்கள் செங்கொடியோடு வரப்பில் உட்காருவார்கள், பின்னால் போலீஸ் வேன் வரும். அதன் நடுவே அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. யார், எந்த இடத்தில், எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறார்கள் என்று கிராமத்திலேயே விசாரித்துச் சொல்ல எங்கள் தாலுகாவில் ஊருக்கு மூன்று பேரைக் குழுவாகப் போட்டார்கள். அவர்கள் சொன்னதுதான் பெரும்பாலும் உத்தரவாகும். குழுவுக்கு வைத்த பெயர்களைக் கிராமத்தில் விளம்பரம் செய்ய வேண்டும், பதினைந்து நாள் பொறுக்க வேண்டும், யாரும் ஆட்சேபிக்கலாம், வேறு பெயரும் சொல்லலாம், பதினாறாம் நாள் சாவடியில் விசாரணை என்று விதி தெளிவாக இருந்தது.

பாபநாசத்துக்குத் தெற்கே ஆறேழு மைலில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அந்த ஊருக்கு மேலேயிருந்து மூன்று பெயர்கள் வந்தன. ஒருவர் மிராசுதார் வைத்தியலிங்கம். இன்னொருவர் அவருடைய சகலை, அரிசி மில் வைத்திருந்தவர். மூன்றாமவர் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். அவர் வைத்தியலிங்கத்தின் வண்டியில்தான் மாநாட்டுக்கே போய்வருவார். ஊரின் தெற்குத் தெருவில் முப்பத்தொரு குடும்பங்கள் மூன்று தலைமுறையாக இருந்தன. அந்த இடம் தன்னுடைய பழைய நெல் களம் என்றும், அவர்கள் நேற்று வந்தவர்கள் என்றும் வைத்தியலிங்கம் சொல்லிக்கொண்டிருந்தார். குழுவும் அப்படியே சொல்லிவிட்டால் அந்தக் குடும்பங்கள் வாய்க்காலுக்கு அப்பால் ஒரு பள்ளத்துக்குப் போக வேண்டும். ஐப்பசி மழையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கோவிந்தசாமி பரீட்சையில் தேறின நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனேன். முன்சீப் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். வெட்டியான் மாரிமுத்து பறையோடு வந்தார். முன்சீப் வரி வரியாகச் சொல்லிக் கொடுக்க, அவர் மனப்பாடம் பண்ணிக்கொண்டு கிளம்பினார். கோயில் தெரு, மேலத் தெரு, கீழத் தெரு, கடைத்தெரு. பகல் பதினோரு மணி. வேலை முடிந்ததும் மாரிமுத்து பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் மதகைத் தாண்டித் தெற்கே தன் தெருவுக்குப் போனார். பறை பேசாமல் போனது. நான் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, கெடு முடியும் முன்பே முத்திரையை எடுத்துக் குத்தினேன்.

பதினைந்தாம் நாள் உச்சி வெயிலில் மூன்று பெண்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். காலில் நடவுச் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. முன்னால் நின்றவள் பெயர் அஞ்சலை. முப்பத்தைந்து வயதிருக்கும். ரகீம் சார் உட்காரச் சொன்னார். அவர்கள் உட்காரவில்லை.

“நாளைக்கு மனைக்குக் கமிட்டி போடறதா நடவு வயல்ல பண்ணைக் காரியக்காரரு பேசிக்கிட்டாருங்க. எங்க மனைய எங்கள யாருன்னு கேக்காதவங்க முடிவு பண்றாங்களாம். எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லலீங்களே” என்றாள்.

தண்டோரா போட்டாயிற்றே, கேட்கவில்லையா என்றார் ரகீம் சார்.

“தூரத்துல சத்தம் கேட்டுதுங்க. அது ஊர்த்தெருக்காரங்களுக்குப் போடறது. எங்க பக்கம் தண்டோரா வந்ததே இல்ல. எங்களுக்கு எதுனா சொல்லணும்னா காரியக்காரரு வரப்புல நின்னு சொல்லுவாரு.”

தண்டோரா போட்டவர் எந்தத் தெரு என்று கேட்டார். தங்கள் தெருதான், தனக்கு மச்சான் முறை என்றாள். அப்படியானால் அவர் வீட்டுக்கு வந்தாவது சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, சொன்னார் என்றாள். பெரிய வீட்டு ஐயாமார் மூன்று பேருக்குச் சர்க்கார் பதவி கிடைத்திருக்கிறது என்று சொன்னாராம். நல்லா இருக்கட்டும் என்று இவர்களும் சொன்னார்களாம்.

ரகீம் சார் கோப்பைக் கேட்டார். என் முத்திரையைப் பார்த்தார். ‘கிராமம் முழுவதும்’ என்ற இடத்தில் விரலை வைத்தார். பெண்களை வெளித் தாழ்வாரத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: “செல்வராசு, உங்க ஊர்ல, உங்க தெருவுல, எப்பவாவது தண்டோரா கேட்டிருக்கீங்களா?”

“இல்லீங்க சார்” என்றேன்.

அந்த வெட்கத்தை என்னால் இன்னும் சரியாகச் சொல்ல முடியவில்லை. நான் சின்ன வயதில் இருந்தபோது மாட்டுக்கு ஊசி போட டாக்டர் வருகிறார் என்று எங்கள் ஊரில் தண்டோரா போட்டார்கள். டாக்டர் வந்துவிட்டுப் போன மறுநாள்தான் எங்கள் தெருவுக்கு விஷயம் தெரிந்தது. அந்த வருடக் கோமாரியில் எங்கள் எருது செத்தது. அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த வீட்டில் பிறந்து, அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த நான், உத்தியோகத்தில் உட்கார்ந்ததும் கிராமம் முழுவதும் என்று முத்திரை செய்துகொண்டேன். பொய் சொல்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. தண்டோரா போகிற தெருக்கள்தான் கிராமம் என்று எனக்கே பழகிப்போயிருந்தது.

ரகீம் சார் என்னைத் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் என் பக்கமாக நகர்த்தினார். “மறுபடி விளம்பரம் பண்ணணும்னா பழசை ரத்து பண்ணணும். ரத்து பண்ணக் காரணம் வேணும். முன்சீப் கையெழுத்து இருக்கு, சாட்சி இருக்கு, உங்க சார்வு இருக்கு. இது சரியில்லைன்னு எழுதித் தரக்கூடிய ஆள் நீங்க ஒருத்தர்தான். எழுதினா உங்களுக்கு மெமோ நான்தான் கொடுக்கணும். யோசிச்சுக்குங்க. நான் தொழுதுட்டு வந்துடறேன்.”

அவர் தொழுகைக்குப் பின்னறைக்குப் போய்விட்டார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருவாய் ஆய்வாளர் பதவி உயர்வுப் பட்டியல் அந்த மாதம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் என் பெயர் இருந்தது. என் மகன் ஆர்.ஐ. ஆகப் போகிறான் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மெமோ வந்தால் பெயர் போய்விடும். எழுதாமல் விட்டால் மறுநாள் விசாரணை நடக்கும், யாரும் வரமாட்டார்கள், முத்திரையின் இரண்டாவது வரி மெய்யாகவே ஆகிவிடும். ஒருவரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. ஜன்னல் வழியே பார்த்தேன். அஞ்சலை தாழ்வாரத்துத் தூணில் சாயாமல், தூணுக்குப் பக்கத்தில் நேராக நின்றுகொண்டிருந்தாள். கோவிந்தசாமி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் அருகில் வைத்துவிட்டுப் போனார்.

நாலு வரி எழுதினேன். தெற்குத் தெருவில் தண்டோரா போடப்படவில்லை, அதை நான் நேரில் கண்டும் போட்டதாகச் சார்வு அளித்தேன் என்று. என் முத்துக் கையெழுத்து அன்று கோணிக்கொண்டது.

ரகீம் சார் வந்து தாளை எடுத்தார். எதையும் உரக்கப் படிக்கிறவர், அதை மட்டும் மனசுக்குள் படித்தார். பிறகு விசாரணையை ரத்து செய்து உத்தரவு போட்டார். அரை மணியில் தொலைபேசி அலறியது. அவர் எழுந்து, கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டார். எடுத்துக் கேட்டார். மூன்று பெயரும் மேலிடத்துப் பெயர், இவ்வளவு தூரம் வந்த பிறகு என்ன ரத்து என்று ஒரு குரல் கத்தியது எங்களுக்கே கேட்டது. ரகீம் சார் இரண்டு முறை ஆமாங்க, ஆமாங்க என்றார். மூன்றாம் முறை ஆமாங்க சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். “சட்டம் பதினஞ்சு நாள் சொல்லுதுங்க. தெரியாதவங்களுக்குப் பதினஞ்சு நாள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க” என்றார். அவர் உட்கார்ந்தபடி பேசி அன்றுதான் பார்த்தோம்.

மறுவிளம்பரத்துக்கு அவரே ஜீப்பில் வந்தார். கோவிந்தசாமியையும் ஏற்றிக்கொண்டோம். பகல் பதினோரு மணிக்குத் தெற்குத் தெருவில் ஈ காக்கைகூட இருக்காது, எல்லாரும் வயலில் என்று நான் சொன்னேன். அந்த விஷயத்திலாவது என் பிறப்பு உபயோகப்பட்டது. ஆகவே விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனோம். மாரிமுத்து மதகடியில் பறையோடு காத்திருந்தார். ஆனால் மதகைத் தாண்ட மாட்டேன் என்றார். ஊருக்குள் அடிப்பது சர்க்கார் வேலை. தன் தெருவில் தன் ஜனங்கள் முன்னால் நின்று ‘இதனால் சகலமானவர்களுக்கும்’ என்று அதிகாரமாகக் கத்தினால் வாழ்நாள் பூரா கேலி செய்வார்கள் என்பது அவருடைய கஷ்டம். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அஞ்சலை வந்து, “மச்சான், நாளைக்கு அந்தப் பள்ளத்துல நின்னுகிட்டு அடிக்கறதுக்கு, இன்னைக்கு இங்க அடிச்சிடு” என்றாள். மாரிமுத்து மதகைத் தாண்டினார்.

அவர் பயந்தபடியேதான் நடந்தது. பறைச் சத்தம் கேட்டு ஜனங்கள் வெளியே வந்தார்கள். வெட்கத்தில் மாரிமுத்து தாளத்தைத் தவறவிட்டார். அந்தத் தெருவில் ஒவ்வொரு அடியும் எதற்கென்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். இது கல்யாண அடியா, சாமிக்கு அடிக்கிற அடியா என்று ஒரு கிழவர் கேட்டார். சிரிப்பு அடங்கவில்லை. மாரிமுத்து முன்சீப் பாணியில் ஆரம்பித்து, நடுவில் வாசகத்தை மறந்து, பறையை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாகப் பேசினார்.

“நம்ம வீடு இங்கயே நிக்கலாமா, பள்ளத்துக்குப் போவணுமான்னு சொல்றதுக்கு மூணு பேரப் போடறாங்க. மூணும் அவங்க ஆளுங்க. வேற ஆளு வேணும்னா நாமளும் பேரு சொல்லலாம்னு சர்க்கார் சொல்லுது. பதினஞ்சு நாளு இருக்கு.”

தெருவில் சிரிப்பு நின்றது. ரகீம் சார் பதறிப்போய், மூணும் அவங்க ஆளுங்க என்பது நோட்டீஸில் இல்லையே என்று என் காதில் சொன்னார். பக்கத்தில் நின்ற கோவிந்தசாமி, “நீங்க படிச்சப்ப எனக்கு விளங்காதது அது ஒண்ணுதாங்க” என்றார். ரகீம் சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விசாரணை நாளில் இன்னொரு சங்கடம். சாவடி மேலத் தெருவில் இருந்தது. தெற்குத் தெரு ஜனங்கள் கும்பலாக மதகடியில் வந்து நின்றார்களே தவிர மேலே வரவில்லை. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. ரகீம் சார் அதைப் பார்த்துவிட்டு, மேஜையைத் தூக்கச் சொன்னார். நானும் கோவிந்தசாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மதகுக்கு அருகே புங்க மரத்தடியில் போட்டோம். வைத்தியலிங்கமும் வேறு வழியில்லாமல் அங்கே நடந்து வந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட கைநாட்டுகளோடு ஒரு மனு வந்தது. மில்காரர் பெயருக்கு ஆட்சேபணை. அதற்குப் பதிலாக அஞ்சலை பெயர். கைநாட்டு வாங்கி வாங்கி என் கட்டைவிரலும் மையாகிவிட்டது.

வைத்தியலிங்கம் கெட்ட மனிதர் இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தெற்குத் தெருவில் பிரசவம் என்றால் அவர் வீட்டு வண்டிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். அதனாலேயே அவருக்கு அன்று நிஜமாகவே புரியவில்லை.

“என் வயல்ல நாத்து நடற பொம்பள. என் பக்கத்துல உக்காந்து எனக்கு நியாயம் சொல்லுவாளா?” என்று கேட்டார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

“பக்கத்துல வேண்டாங்க. எதிர்லயே உக்காரட்டும்” என்றார் ரகீம் சார்.

ஆட்சேபணை வரப்பெற்றது என்று அன்றுதான் முதல்முறையாக எழுதினேன். முத்திரையில் அதற்கு இடமில்லை. கையால்தான் எழுத வேண்டியிருந்தது. கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. மில்காரர் இருந்த இடத்தில் அஞ்சலை. குழுவின் மனை விசாரணையில் அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டில் பிறந்த மூத்த கிழவரையோ கிழவியையோ கொண்டுவந்து நிறுத்தினாள். நேற்று வந்தவர்கள் என்ற பேச்சு அதோடு போயிற்று. வாய்க்கால் கரையை ஒட்டியிருந்த மூன்று குடும்பங்கள் மட்டும் புறம்போக்கு என்பதால் இடம் மாற வேண்டி வந்தது. அந்த மூன்றுக்காக அவள் வெகுநாள் எங்கள் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். மற்ற இருபத்தெட்டு வீடும் நின்ற இடத்திலேயே நின்றன.

எனக்கு மெமோ வந்தது. அதையும் ரகீம் சார் கோவிந்தசாமியை நிறுத்தி வைத்து என் முன்னாலேயே உரக்கப் படித்தார். “என்ன விளங்கிக்கிட்டீங்க?” என்றார். கோவிந்தசாமி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “செல்வராசு சார் மொதல்ல பொய் எழுதிட்டாரு, அப்புறம் நெசம் எழுதிட்டாரு. ரெண்டுல எதுக்குத் திட்டறீங்கன்னுதான் விளங்கல” என்றார். ரகீம் சார் மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முதலில் எழுதியதற்கு மட்டும் என்று தெளிவாகும்படி மறுபடி தட்டச்சு செய்ய வைத்தார். மறுபடி படித்துக் காட்டினார். கோவிந்தசாமி தலையாட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

பட்டியலிலிருந்து என் பெயர் போயிற்று. ஆர்.ஐ. ஆக மேற்கொண்டு இரண்டரை வருடம் ஆனது. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் சாப்பிடும்போது, “அந்த சனங்க பள்ளத்துக்குப் போவலயே?” என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

ரகீம் சார் போவதற்கு முன் தாலுகாவுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார். இனிமேல் சார்வு தெருவாரியாக எழுத வேண்டும், ஒவ்வொரு தெருவிலும் அந்தத் தெருக்காரர் ஒருவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். என் முத்திரைக்கு வேலை போயிற்று. பின்னாளில் என் மகள் அதை வைத்துப் பள்ளி நோட்டெல்லாம் குத்தி அவள் டீச்சரிடம் அடி வாங்கினாள். அந்தச் சுற்றறிக்கையால் எங்கள் சொந்தத் தெருவுக்கும் முதல்முறையாகத் தண்டோரா வந்தது. கொசு மருந்து அடிக்க வருகிறார்கள் என்பதுதான் விஷயம். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்று கடைசி வார்த்தை வரை கேட்டாராம். கேட்டுவிட்டு, எங்கே கைநாட்டு வைக்கணும் என்று முதல் ஆளாகப் போனாராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்தச் சுற்றறிக்கை போன அதே மாதம் ரகீம் சாரைச் சீர்காழிப் பக்கம் மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாமலும் இல்லை. பஸ் ஏற்றிவிட நானும் கோவிந்தசாமியும் போனோம். அதற்கு அரை நாள் லீவு வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். “போய்த்தான் ஆகணுமா?” என்றார். அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவனிடம் அப்படிக் கேட்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. சில வருடம் கழித்துக் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றேன். ஓய்வூதியத்துக்காக என் பணிப்பதிவேட்டை எடுத்தார்கள். அதுவரை அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அன்று பிரித்துப் பார்த்தேன். ‘பொய்ச் சார்வு அளித்தமைக்காகக் கண்டிக்கப்பட்டார்’ என்று சிவப்பு மையில் இருந்தது. அதற்குக் கீழே, ரகீம் சாருடைய சாய்ந்த கையெழுத்தில், நீல மையில் இன்னொரு வரி இருந்தது. ‘தவறை எவரும் கேட்கும் முன் தாமாகவே முன்வந்து தெரிவித்தார்.’

நான் ‘தாமாகவே’ முன்வரவில்லை. அவர் கேட்டார், தாளை நகர்த்தினார், தொழப் போனார். அது அவருக்கும் தெரியும், கோவிந்தசாமிக்கும் தெரியும், தாழ்வாரத்தில் நின்ற அஞ்சலைக்கும் தெரிந்திருக்கும். பொய் எழுதியதற்காக என்னைத் தண்டித்த மனிதர், அதே பக்கத்தில் எனக்காக ஒரு பொய் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வரியைக் கோவிந்தசாமியிடம் படித்துக் காட்டியிருக்க மாட்டார் என்பது நிச்சயம்.

பதிவுகள் சரியாக உள்ளனவா, ஆட்சேபணை ஏதும் உண்டா என்று கேட்டு, கையெழுத்துப் போட இடம் காட்டினார் எழுத்தர். கண்ணீர் மறைத்ததால் இரண்டு முறை இடம் கேட்டு, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.